முடியின் பிரதிநிதியா, குடியரசுத் தலைவரா: புதிய நாடு எதைத் தேர்ந்தெடுப்பது?

2013 ஆகஸ்ட் முதல் தேதி, பசிபிக் கடலின் நடுவே இருக்கும் துவாலு என்ற குட்டி நாட்டில் ஒரு விநோதமான பந்தயம் நடந்தது. அந்நாட்டில் பிரிட்டிஷ் மகாராணியின் பிரதிநிதியாக இருந்த கவர்னர் ஜெனரலை நீக்குவதாக மகாராணிக்குத் தெரிவிக்கப்போவதாகப் பிரதமர் வில்லி டெலாவி அறிவித்தார். பக்கிங்ஹாம் அரண்மனை வாய் திறப்பதற்குள், கவர்னர் ஜெனரல் இயகோபா இட்டலெலி பிரதமரையே நீக்கிவிட்டார். அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் மொத்தமே 15 இடங்கள்தான். ஓர் இடைத்தேர்தலில் தோற்றதும் பிரதமரின் பெரும்பான்மை போய்விட்டது. சபை கூடினால் ஆட்சி கவிழும். அதனால் அவர் சபையைக் கூட்டாமல் இழுத்தடித்தார். கூட்டியே ஆக வேண்டும் என்றார் கவர்னர் ஜெனரல். யார் யாரை முதலில் வெளியே அனுப்புவது என்பதுதான் அன்றைய கேள்வி. சில நாள்களில் சபை கூடியது. எனெலே சோபோஆகா பிரதமரானார்.

புதிதாக விடுதலை பெறும் ஒரு நாடு அரசியல் சட்டம் எழுத உட்காரும்போது நாட்டின் முதல் நாற்காலியைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறது. அதில் உட்காருபவர் மன்னரின் பெயரால் உட்காருவதா, மக்களின் பெயரால் உட்காருவதா, கொடியில் எந்தச் சின்னம், உறுதிமொழியில் எந்தச் சொல் என்றெல்லாம் வாதம் நடக்கும். அவரை நீக்குவது எப்படி என்ற பிரிவு மட்டும் பின்மதியத்தில், பாதிப் பேர் எழுந்து போன பிறகு, அவசரமாக நிறைவேறும். நான் இந்த ஒப்பீட்டை அந்தக் கடைசிப் பிரிவிலிருந்தே தொடங்குகிறேன். துவாலுவின் பந்தயம் எழுந்தது அந்தப் பிரிவிலிருந்துதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் கவர்னர் ஜெனரல் என்றார்கள். இலங்கையில் மகாதேசாதிபதி என்றார்கள். இரண்டுமே பதவியின் உண்மையான எடையைவிடக் கனமான பெயர்கள். வருடத்தில் பெரும்பாலான நாள்கள் அவருக்கு வேலை விருந்து கொடுப்பது, விருது சூட்டுவது, மசோதாவில் கையெழுத்திடுவது. கனம் கூடுகிற தருணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது பிரதமராக யாரை அழைப்பது, தோற்ற பிரதமர் சபையைக் கலைக்கச் சொன்னால் சம்மதிப்பதா, நகர மறுக்கும் பிரதமரை நகர்த்துவதா, நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திடுவதா. இருபது ஆண்டுகளில் இப்படி ஒரு நாள் வரலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த நாற்காலியே போடப்பட்டிருக்கிறது.

லண்டனின் கை எப்போது எடுக்கப்பட்டது

மன்னரின் பிரதிநிதி என்றால் லண்டனின் ஒற்றர் என்ற எண்ணம் விடுதலைப் போராட்டம் நடத்தியவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. 1926இல் கனடாவில் பிரதமர் மெக்கன்சி கிங் சபையைக் கலைக்கச் சொன்னபோது கவர்னர் ஜெனரல் பிங் பிரபு மறுத்து, எதிர்க்கட்சித் தலைவர் ஆர்தர் மீகனை அழைத்தார். மீகனின் ஆட்சி சில நாள்களில் கவிழ்ந்தது. அடுத்து நடந்த தேர்தலில் கிங் வென்று திரும்பினார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கூடிய பேரரசு மாநாடு, கவர்னர் ஜெனரல் மன்னரின் பிரதிநிதி மட்டுமே, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பிரதிநிதி அல்லர் என்று எழுதி வைத்தது. 1930 மாநாடு இன்னொரு படி போனது: அந்தந்த நாட்டு அமைச்சர்களின் ஆலோசனைப்படியே நியமனம். மறு ஆண்டே ஆஸ்திரேலியா தன் மண்ணில் பிறந்த ஐசக் ஐசக்ஸை அந்தப் பதவியில் அமர்த்தியது. ஐந்தாம் ஜார்ஜுக்கு அதில் விருப்பமில்லை, ஆனாலும் கையெழுத்திட்டார்.

ஆக, 1947க்குப் பிறகு விடுதலை பெற்ற நாடுகளுக்குக் கிடைத்த பதவியில் லண்டனின் கை கிடையாது. அப்படியானால் யாருடைய கை? பிரதமரின் கை. பெயரைச் சொல்பவரும் அவரே, மாற்றச் சொல்பவரும் அவரே. பிரதமரைத் தட்டிக்கேட்க வேண்டியவர் பிரதமரின் ஒரு கடிதத்தில் வீட்டுக்குப் போகலாம்.

அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று காட்டியது அயர்லாந்து. 1932இல் ஆட்சிக்கு வந்த டி வலேரா, முந்தைய அரசு நியமித்திருந்த ஜேம்ஸ் மக்நீலை அனுப்பிவிட்டு, அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றிருந்த டொனால் ஓ புவகலா என்பவரை அமர்த்தினார். இவர் ஒரு கடைக்காரர், 1916 கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கியவர். ஃபீனிக்ஸ் பூங்காவில் இருந்த பெரிய மாளிகைக்கு அவர் போகவில்லை. டப்ளின் புறநகரில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார். விழாக்கள் கிடையாது, விருந்துகள் கிடையாது. மசோதா வரும், கையெழுத்து போகும். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்த குழப்பத்தைப் பயன்படுத்திப் பதவியையே சட்டத்திலிருந்து அழித்துவிட்டார்கள். ஒரு பதவியை ஒழிப்பதற்கு முன் இவ்வளவு நேர்த்தியாகச் சுருக்கிக் காட்டியவர்கள் வேறு எவரும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் டி வலேராவுக்கு எதிராக ஒரு சொல் சொல்லக்கூடிய நாற்காலி அயர்லாந்தில் இல்லை. டி வலேரா ஜனநாயகவாதியாக இருந்தது அந்நாட்டின் அதிர்ஷ்டம்.

ஒரே சட்டம், இரண்டு தலையெழுத்து

1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே சட்ட அடித்தளத்தில், 1935 இந்திய அரசுச் சட்டத்தைத் திருத்தி வைத்துக்கொண்டு, கவர்னர் ஜெனரல்களோடு தொடங்கின. இரு நாடுகளுக்கும் தானே இருக்கலாம் என்று மவுண்ட்பேட்டன் எதிர்பார்த்தார். ஜின்னா ஒப்பவில்லை, பாகிஸ்தானின் நாற்காலியில் தானே அமர்ந்தார். டெல்லியில் 1948 ஜூன் 21 வரை மவுண்ட்பேட்டன். பிறகு ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1950 ஜனவரி 26 அன்று ராஜாஜியின் பதவியே மறைந்து ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். இரண்டரை ஆண்டில் இந்தியா அந்த நாற்காலியை ஒரு சாரக்கட்டு போலப் பயன்படுத்திக்கொண்டு, கட்டடம் முடிந்ததும் அவிழ்த்துவிட்டது. அந்த நாற்காலியில் இருந்தவர் தனக்கென்று ஓர் அரசியலை நடத்தவில்லை. பிரதமர் நேருவும் படேலும் இருந்த அமைச்சரவைக்கு முன் அது நடந்தும் இருக்காது.

கராச்சியில் நடந்தது வேறு. ஜின்னா அமர்ந்ததால் நாற்காலி கனத்துப்போனது. அதிகாரம் மேசைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அவர் 1948 செப்டம்பரில் இறந்ததும் கவாஜா நாசிமுதீன் வந்தார், அடக்கமாக இருந்தார். 1951 அக்டோபரில் பிரதமர் லியாகத் அலி கான் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாசிமுதீன் கவர்னர் ஜெனரல் பதவியை விட்டு இறங்கிப் பிரதமரானார். அவர் காலி செய்த இடத்துக்கு வந்தவர் குலாம் முகமது. 1953 ஏப்ரலில் அதே குலாம் முகமது நாசிமுதீனைப் பிரதமர் பதவியிலிருந்து தூக்கியெறிந்தார். தான் எழுந்து கொடுத்த நாற்காலியிலிருந்து தனக்கே உத்தரவு வந்த அந்த மனிதரை நினைத்தால் சிரிப்பதா இரக்கப்படுவதா என்று தெரியவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. இப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது என்று 1954 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை கவர்னர் ஜெனரலின் அதிகாரத்தை வெட்டியது. அக்டோபர் 24 அன்று அவர் அந்தச் சபையையே கலைத்தார். சபைத் தலைவர் மௌல்வி தமிசுதீன் கான் நீதிமன்றம் போனார். சிந்து நீதிமன்றத்தில் வென்றார். 1955இல் தலைமை நீதிபதி முனீரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றார். சபை இயற்றிய சட்டங்களுக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் தேவை, அது பெறப்படவில்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி கார்னிலியஸ் மட்டும் மாறுபட்டார். ஒப்புதல் கையெழுத்து என்ற சம்பிரதாயம் ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தையே முடக்கும் ஆயுதமாக மாறியது. 1956இல் பாகிஸ்தான் குடியரசானது, இரண்டே ஆண்டில் ராணுவச் சட்டத்துக்குள் போனது.

இரு நாடுகளுக்கும் ஒரே பதவி, ஒரே சட்டம், ஒரே ஆண்டு. எந்த அமைப்பு நல்லது என்று கேட்பவர்களுக்கு இந்த உதாரணம் எரிச்சலூட்டும், ஏனென்றால் விடை அமைப்பில் மட்டும் இல்லை என்று இது சொல்கிறது. ஆனால் அமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்கிறது: பிரதமருக்குப் பின்னால் வலுவான கட்சி இருந்தால் கவர்னர் ஜெனரல் பொம்மை; கட்சி சிதறிக்கிடந்தால் அவர் ராஜா. நடுவே நிற்க அவருக்குச் சட்டம் இடம் ஒதுக்கவில்லை.

மகாதேசாதிபதியின் கொழும்பு

இலங்கையில் 1948 முதல் 1972 வரை நான்கு பேர் அமர்ந்தார்கள்: முதல் இருவர் ஆங்கிலேயர், அடுத்த இருவர் உள்ளூர்க்காரர். 1952 மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க திடீரென இறந்தபோது, மூத்தவரான சேர் ஜோன் கொத்தலாவலை அடுத்து தாமே என்றிருந்தார். மகாதேசாதிபதி சோல்பரி பிரபுவோ சேனநாயக்கவின் மகன் டட்லியை அழைத்தார். 1958 கலவரத்தின்போது நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்த சேர் ஒலிவர் குணதிலக்க, ஊரடங்கையும் பத்திரிகைத் தணிக்கையையும் தானே முன்னின்று நடத்தினார். நிருபர்களைச் சந்தித்தவரும் அவரே. பிரதமர் பண்டாரநாயக்க இருக்கும்போதே நாட்டை மகாதேசாதிபதி நடத்துவதுபோல் இருந்தது. 1960இல் அரசின் கொள்கையை அறிவிக்கும் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் டட்லியின் சிறுபான்மை அரசு தோற்றபோது, வேறு யாராவது ஆட்சி அமைக்க முடியுமா என்று பார்ப்பதா, கலைப்பதா என்ற கேள்வி வந்தது, ஒலிவர் கலைத்தார். 1962இல் ராணுவ, போலீஸ் அதிகாரிகளின் சதி முயற்சி அம்பலமாகி, விசாரணையில் அவர் பெயரும் அடிபட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்க வில்லியம் கோபல்லாவையின் பெயரை மகாராணிக்கு அனுப்பினார். கோபல்லாவை பிரதமருக்கு உறவுக்காரர். மாற்றம் சத்தமில்லாமல் முடிந்தது.

அடுத்தது 1972. முந்தைய சட்டத்தின் தொடர்ச்சி துளியும் இருக்கக் கூடாது என்று நாடாளுமன்றக் கட்டடத்தில் அல்லாமல் நவரங்கஹல என்ற மண்டபத்தில் கூடினார்கள். புதிய குடியரசுச் சட்டம் எழுதினார்கள். கோபல்லாவை அதே நாற்காலியில் ஜனாதிபதி என்ற பெயரோடு தொடர்ந்தார். அந்தச் சட்டத்தின்படி ஜனாதிபதியை முன்மொழிபவர் பிரதமர். மகாதேசாதிபதிக்கு இருந்த பலவீனம் பெயர் மாறி அப்படியே கூடவே வந்தது. வராமல் போனது வேறொன்று. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டம் செல்லாது என்ற, முந்தைய அரசியல் சட்டமான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) மேல்முறையீடு செய்யும் வழி அதற்கு முந்தைய ஆண்டே அடைக்கப்பட்டிருந்தது. தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது.

முடியை அகற்றுவதும் காப்புறுதிகளை அகற்றுவதும் ஒரே வேலை என்று அன்று காட்டப்பட்டது. உண்மையில் இவை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டிரினிடாட் 1976இலும் மொரிஷியஸ் 1992இலும் குடியரசாயின. இரண்டும் கோமறைக் கழகத்தை வைத்துக்கொண்டன. பார்படோஸ் மகாராணியைத் தலைவராக வைத்துக்கொண்டே 2005இல் கோமறைக் கழகத்தைக் கைவிட்டு கரீபிய நீதிமன்றத்துக்கு மாறியது. நாற்காலியை மாற்றும்போது கூடவே யாராவது அலமாரியையும் தூக்கிக்கொண்டு போகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இந்த வழிக்குச் சாதகமாகச் சொல்ல என்ன இருக்கிறது

இவ்வளவு படித்தவர்கள் மன்னரின் பிரதிநிதியை வைத்துக்கொள்வதில் பயனே இல்லை என்று நினைக்கலாம். கிரெனடாவைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. 1979 புரட்சியில் மாரிஸ் பிஷப் ஆட்சியைப் பிடித்து அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்தார். ஆனால் கவர்னர் ஜெனரல் பால் ஸ்கூனை அசைக்கவில்லை; அவரால் என்ன ஆகப்போகிறது என்ற அலட்சியம் காரணமாக இருக்கலாம். 1983 அக்டோபர் 19 அன்று பிஷப்பை அவருடைய தோழர்களே சுட்டுக் கொன்றார்கள். 25ஆம் தேதி அமெரிக்கப் படை இறங்கியது. பிரதமர் இல்லை, சபை இல்லை, நடப்பில் சட்டம் இல்லை. சட்டப்படி செல்லுபடியாகும் ஒரே கையெழுத்து ஸ்கூனுடையது. படையை அழைத்த கடிதம் உண்மையில் எப்போது எழுதப்பட்டது என்பது பெரிய சர்ச்சை; அது வேறு கதை. ஆனால் ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்து, 1984 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை நாட்டைக் கொண்டுசென்றது அந்த உறங்கிக்கிடந்த பதவிதான்.

அதே பதவி சியரா லியோனில் சில மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 1967 மார்ச்சில் தேர்தலுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல் ஹென்றி லைட்ஃபுட் பாஸ்டன், சியாகா ஸ்டீவன்ஸுக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். உடனே ராணுவத் தளபதி லன்சானா இருவரையும் காவலில் வைத்தார். ஃபிஜியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1977 ஏப்ரலில் 52 இடங்களில் இந்திய வம்சாவளியினரின் தேசியக் கூட்டமைப்புக் கட்சி 26 இடங்களை வென்றது. ஆளும் கூட்டணிக்கு 24. வென்ற கட்சி தன் தலைவர் யார் என்பதில் சில நாள் இழுபறி செய்தது. கவர்னர் ஜெனரல் ராட்டு ஜார்ஜ் தகோம்பாவ் அந்த இடைவெளியில் தோற்ற பிரதமர் ராட்டு மாராவையே மீண்டும் அழைத்தார். சட்டப்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் பூர்வகுடிகளின் மிக உயர்ந்த தலைவர்களில் ஒருவர், மாராவும் பெருந்தலைவர். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த முடிவை எப்படிப் படித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இனம் பிளந்த நாட்டில் நடுவர் நாற்காலியில் எந்தப் பக்கத்தின் பெருந்தலைவரையும் உட்கார வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தால்?

மன்னரை வைத்துக்கொண்டு, பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிரதமரிடமிருந்து எடுத்து நாடாளுமன்றத்திடம் கொடுப்பது ஓர் இடைவழி. பாப்புவா நியூ கினியும் சாலமன் தீவுகளும் இப்படித்தான் செய்கின்றன. பாப்புவா நியூ கினியில் ரகசிய வாக்கெடுப்பு, ஆறு ஆண்டுப் பதவிக்காலம். இரண்டாம் முறை வர மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒரு மனிதரின் கடிதத்தில் நியமனம் நடப்பதைவிட இது நிச்சயம் மேல். ஆனால் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மைக்கேல் சோமரே தான் பிரதமர் என்றது. நாடாளுமன்றம் பீட்டர் ஓநீல் தான் என்றது. கவர்னர் ஜெனரல் மைக்கேல் ஓகியோ தீர்ப்பை மதித்து சோமரே அமைச்சரவைக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். நாடாளுமன்றம் அவரையே இடைநீக்கம் செய்து சபாநாயகரை அந்த இடத்தில் வைத்தது. சில நாள்களில் ஓகியோ திரும்பி வந்து ஓநீலை ஏற்றுக்கொண்டார். தேர்ந்தெடுத்தவர்கள் நினைத்தவுடன் இறக்கிவிட முடியும் என்றால், அவர் வாக்கெடுப்பில் வந்தாலும் கடிதத்தில் வந்தாலும் ஒன்றுதான்.

சாலமன் தீவுகளிடம் எனக்குப் பிடித்தது வேறொரு ஏற்பாடு. அங்கே பிரதமரையே உறுப்பினர்கள் ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். யாரை அழைப்பது என்று கவர்னர் ஜெனரல் மண்டையை உடைத்துக்கொள்ளும் முதல் தருணமே இல்லாமல் போகிறது. டட்லியா ஜோனா, மாராவா தேசியக் கூட்டமைப்புக் கட்சியின் கோயாவா என்ற கேள்விகள் அங்கு எழாது. நாற்காலிக்கு நல்ல ஆளைத் தேடுவதைவிட நாற்காலியின் வேலையைக் குறைப்பது சில நேரம் புத்திசாலித்தனம்.

குடியரசு, ஆனால் அலங்காரத் தலைவர்

1949 ஏப்ரல் வரை குடியரசாக மாறுவதென்றால் காமன்வெல்த்தை விட்டு வெளியேற வேண்டும். பர்மாவும் அயர்லாந்தும் வெளியேறின. இந்தியாவுக்காக எழுதப்பட்ட லண்டன் பிரகடனம் அந்த நிபந்தனையை நீக்கியது. அதன் பிறகு இந்த வழி திறந்தது.

இதன் பலம் நீக்கும் விதியில் இருக்கிறது. இந்தியக் குடியரசுத் தலைவரை நீக்க, நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தந்து, பிறகு ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும். பிரதமர் காலையில் கோபித்துக்கொண்டு மாலையில் மாற்றிவிட முடியாது. ஆனால் பாதுகாப்பு இருந்தால் முதுகெலும்பு தானாக வந்துவிடாது. 1975 ஜூன் 25 நள்ளிரவை ஒட்டி பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். அவரை ஒரு கடிதத்தில் நீக்க யாராலும் முடியாது என்றபோதும் பேனா ஓடியது.

மொரிஷியஸ் கதையை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கிறேன். 1992இல் அந்நாடு குடியரசானபோது கவர்னர் ஜெனரலாக இருந்த தமிழ் வம்சாவளியினர் வீராசாமி ரிங்காடு முதல் குடியரசுத் தலைவரானார். பத்து ஆண்டு கழித்து, 2002 பிப்ரவரியில், பயங்கரவாதத் தடுப்பு மசோதா குடியரசுத் தலைவர் காசம் உத்தீமின் மேசைக்கு வந்தது. மனித உரிமைக்கு ஆபத்து என்று கருதிய அவர் கையெழுத்திட மறுத்துப் பதவி விலகினார். பொறுப்பேற்ற துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரும் மறுத்து விலகினார். கடைசியில் தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை தற்காலிகத் தலைவராக இருந்து கையெழுத்திட்டார். மசோதா சட்டமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு பேர் மாளிகையை விட்டு நடந்து வெளியேறியதை நாடு முழுக்கப் பார்த்தது. பிரதமரின் விருப்பத்தில் வந்தவர் மறுத்திருந்தால், மாற்று ஆளின் பெயர் அரண்மனைக்குப் போயிருக்கும். மறுப்பு செய்தியாகவே வந்திருக்காது.

இந்த வழியில் பலர் செய்த பிழை, கட்சித் தலைவரை அலங்கார நாற்காலியில் ஏற்றியது. நைஜீரியாவில் நம்தி அசிகிவே முதலில் கவர்னர் ஜெனரல், 1963இல் குடியரசுத் தலைவர். 1964 இறுதியில் நடந்த தேர்தல் குளறுபடியானபோது பலேவாவை மீண்டும் பிரதமராக அழைக்க அவர் சில நாள்கள் மறுத்தார். பலேவாவின் கட்சிக்குப் போட்டியான வேறொரு கட்சியின் தலைவராக இருந்தவர் நடுவராக எடுத்த முடிவை யார் நம்புவார்? உகாண்டா இன்னும் மோசம்: புகாண்டாவின் அரசர் முட்டேசாவையே நாட்டின் தலைவராக்கினார்கள், 1966இல் பிரதமராக இருந்த ஒபோட்டே அவருடைய அரண்மனை மீது படையை ஏவினார். டிரினிடாடில் 2001இல் 36 இடங்கள் 18க்கு 18 என்று சமமாகப் பிரிந்தன. குடியரசுத் தலைவர் ராபின்சன் பதவியிலிருந்த பாண்டேயை விட்டுவிட்டு மேனிங்கை அழைத்தார். இவரும் முன்னாள் பிரதமர், கட்சிக்காரர். முணுமுணுப்பு ஓயவில்லை.

மற்ற இரண்டு வழிகள்

எல்லா அதிகாரமும் கொண்ட ஜனாதிபதி முறையைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. கானா மூன்று ஆண்டில், டாங்கனிகாவும் கென்யாவும் சரியாக ஓர் ஆண்டில் அதற்குத் தாவின. போட்ஸ்வானா 1966இல் அதோடே தொடங்கி நன்றாகவே நடந்தது; அது விதிவிலக்கு. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அலங்காரத் தலைவர் முறை பலவீனமாக எழுதப்பட்டால் அது இந்த முறைக்குப் படிக்கட்டாகிவிடுகிறது. இலங்கை 1972இல் ஏறிய படியிலிருந்து 1978இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் நிறைவேற்று ஜனாதிபதி பதவிக்குப் போக ஆறே ஆண்டுகள். கயானாவுக்கு 1970 முதல் 1980 வரை பத்து ஆண்டுகள்.

சொந்த மன்னர் உள்ள நாடுகளுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. 1957இல் மலாயா தன் ஒன்பது அரசர்களிடையே ஐந்து ஆண்டுக்கு ஒருவராகச் சுழலும் பேரரசர் பதவியை உருவாக்கியது. பிரதமரால் நீக்க முடியாத நடுவர். 2020இல் மகாதீர் விலகியபோது பேரரசர் உறுப்பினர்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் நெருக்கடி நிலை கேட்ட பிரதமரைத் திருப்பியும் அனுப்பினார். கடன் வாங்க முடியாத ஏற்பாடு இது. லெசோத்தோவுக்கும் சொந்த மன்னர் இருந்தார். 1970இல் பிரதமர் தேர்தலை ரத்து செய்துவிட்டு மன்னரையே நாடு கடத்தினார்.

என்னிடம் கேட்டால்

சட்டம் எழுதும் சபைக்கு நான் சொல்வது இது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மன்னரின் பிரதிநிதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா செய்ததுபோல, முடிவுத் தேதி தெரிந்த ஏற்பாடாக. பிறகு ஆளுங்கட்சி தனியாகத் திரட்ட முடியாத பெரும்பான்மையோடு நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவருக்குப் போங்கள். தேர்ந்தெடுப்பதைவிட நீக்குவது கடினமாக இருக்கட்டும். பிரதமரைச் சபையே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்தல் முடிந்து, அல்லது ஆட்சி பெரும்பான்மை இழந்து, எத்தனை நாளுக்குள் சபை கூட வேண்டும் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். துவாலுவில் பிரதமரையும் சபைதான் தேர்ந்தெடுக்கிறது; அந்த எண் தெளிவாக இல்லாததால்தான் அங்கே பந்தயம் நடந்தது. நெருக்கடி நிலைக்குச் சில நாள்களுக்குள் சபையின் ஒப்புதலைக் கட்டாயமாக்குங்கள். சிறுபான்மைக் காப்புறுதிகளை நாட்டின் தலைமை பற்றிய அத்தியாயத்துக்கு வெளியே, தனிப் பூட்டுப் போட்டு வையுங்கள்.

அந்த மாற்றத்தைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்கள் பூட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜமைக்காவின் சட்டம் மாற்றத்துக்கு மக்கள் வாக்கெடுப்பைக் கேட்கிறது. 1962 முதல் இன்றுவரை பேச்சு மட்டுமே நடக்கிறது. செயின்ட் வின்சென்ட் 2009இல் வாக்கெடுப்பு நடத்தித் தோற்றது. அன்று மக்கள் வாக்களித்தது மகாராணியைப் பற்றியா ஆளுங்கட்சியைப் பற்றியா என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பார்படோஸுக்கு நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பதால் 2021இல் சில மாதங்களில் முடிந்தது.

அங்கே 2021 நவம்பர் 30 பிறந்த நள்ளிரவில் அரச கொடி இறங்கியபோது, கடைசிக் கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசனே முதல் குடியரசுத் தலைவராக உறுதிமொழி எடுத்தார். எதிரே இளவரசர் சார்ல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். மாளிகையின் பெயர்ப் பலகை மாறியது; குடியிருந்தவர் மாறவில்லை. முந்தைய நாள்வரை மகாராணியின் விருப்பம் உள்ளமட்டும் என்ற ஒற்றை வரியில் அவர் பதவி தொங்கியது. அக்டோபர் 20 அன்று இரு அவைகளும் கூடிப் போட்ட வாக்குகள் இப்போது அவர் பின்னால் இருந்தன.